ஒப்பாரிக்கு யாப்பு உண்டு

நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். எழுத்தறியாத எளிய மக்களின் நெஞ்சிலிருந்து, இலக்கணக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், தானாகப் பீறிட்டு வருபவை இந்தப் பாடல்கள் என்கிறார்கள். வகுப்பறையிலும் பட்டிமன்ற மேடையிலும் ஆய்வேட்டு முன்னுரையிலும் இதையே கேட்டு வளர்ந்திருக்கிறோம். சொல்பவர்கள் பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். தாலாட்டைப் பற்றியோ ஏற்றப்பாட்டைப் பற்றியோ சொல்லும்போது அது காதுக்கு இதமாகவும் இருக்கிறது. ஒப்பாரியைப் பற்றிச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது தெரிகிறது.

தானாகப் பீறிட்டு வந்தது என்றால் அதைக் கட்டியவர் யாரும் இல்லை. கட்டியவர் இல்லையென்றால் கட்டுமானமும் இல்லை. கட்டுமானம் இல்லாத ஒன்றில் ஆராய என்ன இருக்கிறது? அதனால்தான் ஒப்பாரி பற்றிய கட்டுரைகள் சோகம், உருக்கம், நெகிழ்ச்சி என்று சுற்றிச் சுற்றி வருகின்றன. மிஞ்சினால் அதில் வரும் ஊர்ப் பெயர்களையும் நகைப் பெயர்களையும் பாத்திரப் பெயர்களையும் பொறுக்கியெடுத்து, 'பண்பாட்டுச் செய்திகள்' என்று தலைப்புக் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள். இந்த அடி ஏன் இங்கே வருகிறது, இந்த விளி ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று, ஒரு கவிதையிடம் கேட்பதைப்போல் ஒப்பாரியிடம் கேட்பவர்கள் குறைவு. அந்தப் பொதுக்கருத்தை நான் மறுக்கிறேன். ஒப்பாரிக்கு உறுதியான வடிவம் உண்டு. அந்த வடிவத்தைப் பார்க்க மறுப்பவர்களுக்கு அதன் பொருளும் கிடைக்காது.

எழுமலையை வைத்துப் பேசுகிறேன். மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில், பேரையூர் வட்டத்தில் உள்ள பேரூர் அது. வடக்கே உசிலம்பட்டி, தெற்கே சாப்டூரும் சதுரகிரி மலையும். மானாவாரிக் காடுகள் சூழ்ந்த பூமி. இந்தப் பக்கத்துக் கேத வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் இஷ்டத்துக்கு அழுவதில்லை. கட்டிக்கொடுத்த மகள் தெருமுனையிலேயே குரலெடுத்துவிடுவாள். அந்தக் குரல் கேட்டதும் உள்ளே இருப்பவர்கள் நகர்ந்து வழிவிடுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக் குனிகிறார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள், மற்றவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். எந்த உறவுக்காரி எந்த விளியைச் சொல்வது என்பதற்கு முறை இருக்கிறது. தாய்க்குச் சொல்வதைப் புருஷனுக்குச் சொல்ல முடியாது. மகள் சொல்லவேண்டியதை மருமகள் எடுத்தால் கூட்டம் முகம் சுளிக்கும். அழுவது வேறு, ஒப்புச் சொல்லி அழுவது வேறு என்று ஊரே பிரித்து வைத்திருக்கிறது. படித்தவர்கள்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

இந்தப் பக்கத்து மூதாட்டி ஒருவரிடம் ஒப்பாரி கேட்டுப் போயிருந்தேன். வீட்டுக்குள் வைத்துச் சொன்னால் ஆகாது என்று மந்தை ஓரத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். ராகம் இல்லாமல் வெறும் வார்த்தையாகச் சொல்லச் சொன்னபோது நாலு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை. இழுத்துச் சொன்னதும் தடையின்றி வந்தது. பொன்னில் தொடங்கி வெள்ளிக்கு வந்து பித்தளையில் முடியவேண்டிய ஒரு கண்ணியில் வெள்ளியை விட்டுவிட்டார். பாதியில் நிறுத்தி, "முறை தப்பிப்போச்சுய்யா, மொதல்லருந்து எடுக்கணும்" என்று சொல்லி, திரும்ப முதல் அடியிலிருந்து தொடங்கினார். முறை தப்புவதற்கு முதலில் ஒரு முறை இருக்கவேண்டும் அல்லவா?

யாப்பு இல்லை என்பவர்களின் கையில் உள்ள சான்று என்ன? குறில் நெடில் பார்த்து நேர், நிரை என்று அலகிட்டுப் பார்க்கிறார்கள். சீர்கள் ஒழுங்காக விழவில்லை, தளை தட்டுகிறது. ஆகவே யாப்பு இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அளவுகோல் தவறு. ஒப்பாரியின் அளவு எழுத்தில் மட்டும் இல்லை, இழுப்பிலும் மூச்சிலும் இருக்கிறது. ஓர் அடி இரண்டு பாதியாக நடக்கிறது, பாதிக்குப் பாதி காலம் ஒத்துப்போகிறது. எழுத்து குறைந்த இடத்தை நீட்டம் நிரப்புகிறது. மோனையோ எதுகையோ அடியை அடியோடு கட்டுகிறது. சிந்துப் பாடல்களும் ஒருகாலத்தில் இதே குற்றச்சாட்டுக்கு ஆளானவைதான். தாளத்தையும் அசை நீளும் அளவையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று இரா. திருமுருகன் 'சிந்துப் பாவியல்' எழுதிக் காட்டிய பிறகு சிந்துக்கு இலக்கணம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒப்பாரிக்கு அப்படி ஒருவர் முழுமூச்சாக உட்காரவில்லை என்பதற்காக ஒப்பாரியைக் குறை சொல்வது எந்த நியாயம்?

இலக்கணத்தின் பெயரால் பேசுபவர்களுக்கு இலக்கணத்தையே பதிலாகச் சொல்லலாம். தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு நிலங்களை அடுக்கி, ஏழையும் யாப்பின் வழியில் வருபவை என்கிறது. விடுகதையும் பழமொழியும்கூட யாப்புக்குள் வந்துவிடுகின்றன. அதே இயல் செய்யுளுக்கு முப்பத்துநான்கு உறுப்புகளை எண்ணுகிறது. அவற்றில் ஒன்று 'நோக்கு'. மாத்திரையில் தொடங்கி அடி வரைக்கும், செய்யுளின் ஒவ்வொரு கூறும் கேட்பவரை நின்று கவனிக்கவைக்கும் காரணமாக அமைவது நோக்கு. உரையாசிரியர் பேராசிரியர் இதை விளக்க ஓர் அகநானூற்றுப் பாட்டை எடுத்துச் சொல் சொல்லாகத் துருவிக் காட்டுகிறார். வடிவத்தைத் துருவிப் பொருளைக் காண்பது நம் வீட்டுப் பழைய சொத்து. மக்கள் பாட்டு இயற்கையாகவே பொங்கி வருகிறது, அதில் கைவேலை இல்லை என்ற எண்ணம்தான் இறக்குமதி. 1778-79இல் ஜெர்மனியில் ஹெர்டர் மக்கள் பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட காலத்தில் ஐரோப்பாவில் பரவிய மோகம் அது. அங்கே அதற்கு வேறு தேவை இருந்தது. நாம் அதை வாங்கிவந்து நம் பாட்டிமார் தலையில் வைத்துவிட்டோம்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். வடிவமே இல்லாத ஒன்றைப் பெரும்புலவர்கள் எப்படிக் கடன் வாங்கினார்கள்? மதுரைக்குப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் அம்மானை, சாழல், பொற்சுண்ணம், பூவல்லி, உந்தியார், தோணோக்கம், பொன்னூசல் என்று பெண்கள் ஆடியும் இடித்தும் கொய்தும் பாடிய பாட்டு வடிவங்களில் திருவாசகத்தின் பல பகுதிகளை அமைத்தார். இளங்கோவடிகள் வேட்டுவர் பாட்டையும் ஆய்ச்சியர் குரவையையும் வள்ளைப்பாட்டையும் எடுத்துக் காப்பியத்தில் வைத்தார். மாணிக்கவாசகர் கையில் அதைப் பார்க்கும்போது பாவகை என்கிறோம், வடிவ நேர்த்தி என்கிறோம். உரலடியில் பாடிய பெண்ணின் வாயில் அதே வடிவம் இருந்தபோது கட்டுப்பாடற்ற வெளிப்பாடு என்கிறோம். இதில் நேர்மை இல்லை.

இளங்கோவைத் தொட்டதால் கண்ணகியை விட்டுவிட்டுப் போக முடியாது. மதுரைக் காண்டத்து ஊர்சூழ்வரியில், புருஷனைப் பறிகொடுத்த கண்ணகி தெருவில் வந்து கேட்கும் கேள்விகளின் கட்டமைப்பைக் கவனியுங்கள். ஒரே சட்டகம். அதற்குள் மாறுவது ஒரு சொல்தான். இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா என்று முதலில் கேட்கிறாள். அதே சட்டகத்தில் சான்றோர் இருக்கிறார்களா என்கிறாள். பிறகு அதே சட்டகத்தில் தெய்வம் இருக்கிறதா என்கிறாள். ஒவ்வொன்றும் ஒருமுறையோடு நிற்காமல் திரும்ப வருகிறது. தன்னைப் போன்றவர்களிடம் தொடங்கி, நியாயம் சொல்லவேண்டியவர்களிடம் போய், கடைசியில் கடவுளையே கூண்டில் ஏற்றுகிறாள். சட்டகம் மாறாததால்தான் அந்த ஏற்றம் தெரிகிறது. பிறகு வெட்டுண்டு கிடக்கும் கோவலனை முன்னிலைப்படுத்தி அவனோடு பேசுகிறாள், சுற்றி நின்று கேட்பது மதுரை. எழுமலைக் கேத வீட்டில் நடப்பதும் இதே அமைப்புத்தான். இளங்கோ ஒப்பாரியைக் கேட்டவர். கேட்டது மட்டுமல்ல, அதன் எலும்பை அறிந்தவர்.

திரும்பத் திரும்ப வருவதைச் சொல் பஞ்சம் என்று ஒதுக்குவது பொதுக்கருத்தின் இன்னொரு கிளை. பதிப்பாளர்களே சில தொகுப்புகளில் திரும்ப வரும் அடிகளை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடுகிறார்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 235ஆம் பாட்டில் முதல் பாதி முழுவதும் 'மன்' என்ற ஓர் இடைச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. கழிந்துபோனது என்பதை உணர்த்தும் சொல் அது. கொஞ்சமாகக் கள் கிடைத்தபோது, நிறையக் கிடைத்தபோது, சோறு சிறிதாக இருந்தபோது, பெரிதாக இருந்தபோது என்று இரண்டிரண்டாகச் சோடி சேர்த்து அவன் குணத்தை அடுக்குகிறது பாட்டு. ஒவ்வோர் அடுக்கும் போயிற்று போயிற்று என்று விழுகிறது. அவன் மார்பில் வேல் பாயும் இடம் வந்ததும் அந்த இடைச்சொல் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கழிந்துபோக ஒன்றும் மிச்சமில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரும் படிப்பு வேண்டாம், திரும்ப வருவதை எண்ணும் பொறுமை போதும். அந்தப் பாட்டிலும் ஒரு பதிப்பாளர் புள்ளி வைத்திருந்தால் ஔவை செய்த வேலை அத்தனையும் அழிந்திருக்கும்.

பாரி மகளிர் பாட்டு இன்னும் நெருக்கமாகப் பார்க்கவேண்டியது. புறநானூறு 112, ஐந்தே அடி. தகப்பனை இழந்த இரண்டு பெண்கள் பாடியது. முதல் அடியையும் மூன்றாம் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அன்றைய நிலா, இன்றைய நிலா. இரண்டு அடிகளுக்கும் இடையே மாறுவது சுட்டெழுத்து மட்டுமே, மற்ற எல்லாம் அப்படியே இருக்கின்றன. நிலா மாறவில்லை, அதைப் பார்ப்பவர்களின் நிலைமை மாறிவிட்டது என்பதை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது. இரண்டாம் அடியில் தந்தை முதலில், குன்று பின்னால். கடைசி அடியில் குன்று முதலில், தந்தை பின்னால். இழந்தவற்றை எண்ணும்போது வரிசை தலைகீழாகி, தகப்பனில் வந்து பாட்டு முடிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி மூன்று சீரில் குறைந்து வரும். அந்தக் குறைந்த அடியின் ஓரத்தில்தான் 'எங்கள்' என்று பொருள்படும் சொல் தனியாகத் தொங்குகிறது. எங்கள் குன்று என்று இரண்டாம் அடியில் ஒரே அடிக்குள் ஒட்டி நின்ற இரண்டு சொற்களை, நாலாம் அடியின் விளிம்பு பிரித்துவிடுகிறது. எங்கள் என்பது ஓர் அடியில், குன்று அடுத்த அடியில். வேந்தர்கள் அந்தக் குன்றை அபகரித்துக்கொண்டது பாட்டின் உடம்பிலேயே நடந்து காட்டப்படுகிறது.

இந்தப் பாட்டைக் கையறுநிலை என்று துறை சொல்லி, அதன் பொருளை உரைநடையில் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அன்று தந்தை இருந்தார், இன்று இல்லை என்பது அந்த உரைநடை. அது எந்தப் பெண்ணும் எந்தச் சாவிலும் சொல்லக்கூடியது. பாட்டு சொல்வது வேறு, அதைச் சொல்வது வடிவம்.

அன்று, இன்று என்ற இந்த இரட்டைச் சட்டகம்தான் ஒப்பாரியின் முதுகெலும்பும். முதல் பாதியில் பொன்னும் வெள்ளியும் முத்தும் பவளமும் வரும், மதுரைக் கடைவீதி வரும், மல்லிகை வரும், மாடமாளிகை வரும். பின்பாதியில் இழப்பு விழும். இதைப் பார்த்துத்தான் மிகைக் கற்பனை என்கிறார்கள். பருத்திக்காட்டில் களை எடுத்துப் பிழைத்த வீட்டில் தங்கத் தட்டு எங்கே இருந்தது என்று கேட்கிறார்கள். தங்கத் தட்டு இருந்ததாக அந்தப் பெண் வரலாறு எழுதவில்லை. அந்த வீட்டில் தனக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு அவள் வைக்கும் அளவு அது. மதிப்பை முன்னே வைத்து, நடந்ததைப் பின்னே வைக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் பொருள் கிடக்கிறது. பொன், வெள்ளி, பித்தளை என்று இறங்கும் கண்ணியில் ஒவ்வொரு படியிலும் அந்தப் பெண்ணின் மதிப்பு குறைந்துகொண்டே வருகிறது. வெள்ளியை விட்டுவிட்ட அந்த மூதாட்டி ஏன் முதலிலிருந்து எடுத்தார் என்பது இப்போது விளங்கும். ஒரு படி விடுபட்டால் இறக்கம் பொய்யாகிவிடும்.

ஒப்பாரியின் மிகப் பெரிய சாமர்த்தியம் அதன் இலக்கண இடத்தில் இருக்கிறது. இதை யாரும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் ஆதங்கம். ஒப்பாரியில் செத்துக் கிடப்பவர் முன்னிலை. சுற்றி நிற்கும் உயிருள்ளவர்கள் படர்க்கை. கேட்க முடியாதவரை 'நீ' என்று கூப்பிட்டுப் பேசுகிறாள், காதால் கேட்டுக்கொண்டு நிற்பவர்களை 'அவர்கள்' என்கிறாள். என் அண்ணன் வாசலில் எனக்கு என்ன கிடைத்தது என்பதை அய்யாவிடம் முறையிடுகிறாள். அந்த அண்ணன் மூன்றடி தள்ளி நிற்கிறான். மதினி என்ன சொன்னாள் என்பதை ஆத்தாவிடம் சொல்கிறாள். அந்த மதினி அதே வட்டத்தில் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு பிணத்தோடு நடப்பதால் யாரும் குறுக்கே புக முடியாது. பதில் சொல்லவும் முடியாது, சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். வேறு எந்தச் சபையிலும் ஊர் ஆண்கள் முன்னால் இவ்வளவு நேரம் குறுக்கீடில்லாமல் அவள் பேச இடம் கிடையாது. விளி நீளமாக இழுக்கப்படுகிறது, குற்றச்சாட்டு பின்பாதியில் சட்டென்று விழுகிறது, உடனே மற்றவர்களின் அழுகை அதன்மேல் மூடிக்கொள்கிறது. சொன்னது எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. ஆனால் நீ என்னைக் குற்றம் சொன்னாய் என்று எவரும் அவளைப் பிடிக்க முடியாது. நீண்ட விளி, சுருங்கிய குற்றச்சாட்டு, மூடும் அழுகை என்ற இந்த வரிசை யாரோ ஒருத்திக்கு ஒருநாள் தற்செயலாக வாய்த்ததாக இருக்க முடியாது. பல தலைமுறைப் பெண்கள் பட்டறிந்து வகுத்த பாவியல் இது.

இந்த வட்டாரத்தின் குடும்ப அமைப்பைத் தெரிந்துகொண்டால் இதன் கூர்மை இன்னும் புரியும். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் பிறமலைக் கள்ளர்களைப் பற்றி 1957இல் வெளியிட்ட நூல், கொண்டான் கொடுத்தான் உறவும் அதன் வழியாக ஓடும் சீர்வரிசையும் எப்படி ஒரு சமூகத்தையே தாங்கி நிற்கின்றன என்பதை விரிவாகப் பதிவுசெய்தது. பிறந்த வீட்டில் பெண்ணுக்கு உள்ள பங்கு நிலமாக வருவதில்லை. சீராக, மொய்யாக, கடைசியில் கோடிச் சேலையாக வருகிறது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், நாடு முழுவதற்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை கொடுத்தன. சட்டம் வந்த பிறகும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும் பெண்கள் எத்தனை பேர் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தகப்பன் செத்த அன்று மகளுக்கு இழப்பு இரண்டு. ஒன்று அவர். இன்னொன்று, அந்த வாசலில் இனி அவளுக்காகப் பேச ஆளில்லை. ஒப்பாரியின் முன்பாதிப் பொன்னும் பின்பாதி வெறுமையும் இந்தக் கணக்கைத்தான் சொல்கின்றன. 'தந்தைப் பாசம்' என்று தலைப்புப் போட்டு வகைப்படுத்துபவர்கள் கணக்கின் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள்.

இங்கேதான் எதிர்த்தரப்பு ஒரு கேள்வியைக் கேட்கும். அப்படியானால் அவள் செத்தவருக்காக அழவில்லை, தன் காரியத்துக்காக அழுகிறாள், அது உண்மையான துக்கமா என்பார்கள். கூலிக்கு மாரடிப்பது என்ற பழமொழியையும் துணைக்கு அழைப்பார்கள். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இழிவுபட்டதும், உரியவரைப் பறிகொடுத்ததும், பழைய நிலை கெட்டுத் தளர்ந்ததும், இல்லாமையும். சாவு அந்த நான்கில் ஒன்றுதான். எழுமலைப் பெண் ஒரே ஒப்பாரிக்குள் நான்கையும் வரிசையாகக் கொண்டுவருகிறாள் என்றால் அவள் துக்கத்தில் கலப்படம் செய்யவில்லை. அழுகை என்பதன் முழு இலக்கணத்தையும் நிறைவேற்றுகிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இசபெல் கிளார்க்-டெசே, தமிழ் ஒப்பாரியைப் பற்றி 2005இல் எழுதிய நூலுக்கு யாரும் இறந்தவருக்காக அழுவதில்லை என்ற கருத்தில் தலைப்பு வைத்தார். கூர்மையான நூல், ஆனால் அந்தத் தலைப்பை நான் ஏற்கவில்லை. முன்னிலையில் இருப்பவர் இறந்தவர்தான். அவரை விளிக்காமல் ஓர் அடிகூட நகராது. தனக்காக அழுவதும் அவருக்காக அழுவதும் அந்த விளிக்குள் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கின்றன.

அயர்லாந்தில் 1773இல் ஆர்ட் ஓலீரி சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடைய மனைவி ஐலீன் துவ் வாய்மொழியாகக் கட்டிய ஒப்பாரி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான பகுதிகள் இறந்தவனை விளித்துத் தொடங்கும். நடுவில் செத்தவனின் சகோதரி புகுந்து இவளைக் குத்திக் காட்டுவாள், இவள் பாட்டிலேயே திருப்பிக் கொடுப்பாள். கொலைக்குக் காரணமானவன் பெயர் சொல்லிச் சபிக்கப்படுவான். வாய்வழியாகவே பல காலம் உலவி, பிறகு எழுத்தில் பிடிக்கப்பட்டது. இன்று அது ஐரிஷ் மொழியின் மிகச் சிறந்த கவிதைகளில் ஒன்று. அதன் அடியமைப்பையும் விளிகளையும் அங்கே பள்ளியிலேயே கற்பிக்கிறார்கள். ஐலீன் துவ் என்ற பெயரைக் கவிஞர் என்றுதான் போடுகிறார்கள். நாத்தனாரும் மதினியும் பிணத்தின் இரு பக்கமும் உட்கார்ந்து ஒப்பாரியிலேயே வழக்காடுவது எழுமலைக்குப் புதிதா? எத்தனை ஐலீன்கள் இந்தப் பக்கத்து மண்ணுக்குள் போயிருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும் பாட்டுக்கு எது வடிவம், யார் ஆசிரியர் என்று கேட்கலாம். மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியாவின் வாய்மொழிப் பாடகர்களைக் கேட்டு இதற்கு விடை கண்டார்கள். பாடகர் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை, கைவசம் உள்ள தொடர்களையும் சட்டகங்களையும் வைத்துப் பாடும்போதே கட்டுகிறார். லார்டின் நூல் 1960இல் வந்தது. அந்தக் கருவியை எடுத்துச் சங்கப் பாடல்களைப் பார்த்தவர் ஈழத்து அறிஞர் க. கைலாசபதி. 'தமிழ் வீரயுகக் கவிதை' என்ற பொருளில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு 1968இல் வெளியானது. அவர் முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை, விவாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒன்று நிலைத்தது. சட்டகம் பொது, அதை நிரப்புவது தனி ஆள். பொது உடைமையான சட்டகத்தில் பாடுவதால் ஒருவர் ஆசிரியர் ஆகமாட்டார் என்றால், வெண்பா பாடிய எவருமே ஆசிரியர் ஆகமாட்டார்.

மைக் செட் கட்டிக் கூலிக்குப் பாடும் ஒப்பாரி இன்று பெருகிவிட்டது. அது தனியாகப் பேசவேண்டியது. அங்கே பாடுபவருக்கும் இறந்தவருக்கும் உறவு இல்லாததால் முன்னிலை, படர்க்கை என்ற அந்தக் கூர்மையே போய்விடுகிறது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

கவிதையை அலசினால் கவிதை செத்துவிடும் என்று ஒரு குரல் எப்போதும் உண்டு. வத்தலக்குண்டு மண்ணிலிருந்து வந்த சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, ஒரு படைப்பை வரி வரியாக அலசும் விமர்சனத்தை விடாப்பிடியாக வளர்த்தார். ரசனைதான் பெரிது, அலசல் எதற்கு என்று அப்போதும் பேசினார்கள். அலசலால் எந்த நல்ல கவிதையும் சாகவில்லை. பாரி மகளிர் பாட்டை இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு பிரித்துப் பார்க்கிறோம், அது இன்னும் நம்மைப் பிடித்து உலுக்குகிறது. அலசத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவைதான் சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருக்கின்றன.

அழிவு எங்கே நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். நம் ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களில் 'தகவலாளிகள் பட்டியல்' என்று ஒரு பின்னிணைப்பு இருக்கும். பெயர், வயது, ஊர், தொழில். பாட்டைக் கட்டிய பெண் அந்தப் பட்டியலில் இருக்கிறாள். தகவலாளி என்ற பெயரில். பாட்டு மட்டும் 'ஒப்பாரி 14', 'ஒப்பாரி 15' என்று எண் போட்டு வேறு பக்கத்தில் கிடக்கிறது. எந்த உறவுக்காரி, யாருக்குச் சொன்னாள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது பெரும்பாலும் பதிவாவதில்லை. அது இல்லாமல் முன்னிலை யார், படர்க்கை யார் என்றே தெரியாது. அந்த ஒப்பாரியைச் சோகம் என்பதைத் தவிர வேறு எப்படிப் படிக்க முடியும்? வடிவத்தை அழித்துவிட்டு வடிவம் இல்லை என்று சொல்கிறோம்.

ஆகவே எழுமலைப் பக்கமோ வேறெந்த ஊர்ப் பக்கமோ கைபேசியோடு ஒப்பாரி சேகரிக்கப் போகும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது. திரும்ப வரும் அடியைத் திரும்ப எழுதுங்கள், 'மேற்படி' என்று போடாதீர்கள். எங்கே மூச்சு வாங்கினார்கள், எங்கே இழுத்தார்கள் என்று குறியுங்கள். யாரை விளித்தார், யார் கேட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டு எழுதுங்கள். பாடியவர் சம்மதித்தால் அவர் பெயரைப் பின்னிணைப்பிலிருந்து எடுத்துவந்து பாட்டுக்குக் கீழே, ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் போடுங்கள்.